கதவு திறந்த பிறகு எழுந்த கோபுரம்

1946 டிசம்பர். நியூயார்க், ஐ.நா. பொதுச்சபை. இந்தியா இன்னும் விடுதலை பெறவில்லை. ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் படும் அவமதிப்பை இந்தியக் குழுவின் தலைவர் விஜயலட்சுமி பண்டிட் உலகத்தின் முன் வைத்தார். அது தங்கள் உள்நாட்டு விவகாரம் என்று மறித்தார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜெனரல் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு முதல் வரைவு எழுதியவரே அவர்தான்! வாக்கெடுப்பில் 32-க்கு 15 என்று இந்தியா வென்றது. ஒரு நாடு தன் மக்களை நடத்தும் விதத்தை உலகம் தட்டிக் கேட்கலாம் என்றாயிற்று. அப்படியானால் நம் வீட்டுக் கதவு?

நம் கோயில் கதவு அரைகுறையாகத்தான் திறந்திருந்தது. 1939 ஜூலை 8-இல் நுழைவு மறுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களைக் காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனபோது ஊர் இரண்டுபட்டது. அம்மனே வெளியேறிவிட்டாள் என்று சொல்லி, எதிர்த்தவர்கள் ஒரு வீட்டில் தனியாகப் பூஜை நடத்தினார்கள். எல்லாச் சாதியினரும் கோயிலுக்குள் போகலாம் என்று சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில். அடுத்த ஆண்டே அரசுக்கு ஓர் ஓவியர் தேவைப்பட்டார்.

மதுரைக்காரரான ஆர். கிருஷ்ணாராவுக்கு அழைப்பு போனது. வெள்ளைக்காரன் போன பிறகு மாகாணத்துக்குப் புதிய அரசுச் சின்னம் வேண்டும். சாரநாத் சிங்கங்களுக்குப் பின்னால் அவர் ஓங்கி நிறுத்தியது ஒரு கோபுரம்! மதச்சார்பற்ற நாட்டில் கோயில் கோபுரமா என்று ஆட்சேபம் கிளம்பியது என்றும், இது திராவிடக் கட்டடக்கலையின் சின்னம் என்று வாதாடி ஜெயித்தார்கள் என்றும் சொல்வார்கள். அதைவிட வலுவான பதில் அந்த 1947 சட்டம்தான். பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திய கோபுரம் எல்லோருக்கும் பொதுச் சின்னமாக எந்த முகத்தோடு நின்றிருக்கும்?

1949 ஏப்ரலில் ஓமந்தூரார் விலக, ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா முதல்வரானார். மறு ஆண்டு குடியரசு பிறந்தபோதும் அவரே முதல்வர். அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலை ராஜகோபுரம். பிறகு, சின்னத்தில் இருப்பது எந்தக் கோபுரம் என்ற வம்புக்குக் கேட்கவா வேண்டும்?

பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை என்று எதை எடுத்தாலும் தலையில் நிற்கும் தமிழ்நாடு அரசு முத்திரை பிறந்தது இப்படித்தான். அதில் இருப்பது ஆண்டாள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் கோபுரம் என்றே தலைமுறைகள் படித்து வளர்ந்தன. வரைந்த கிருஷ்ணாராவோ, அது மதுரை மேலக்கோபுரம் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.