ஹைதரைத் தேடி வந்த சிறுவன்

எர்ணாவூர்க் கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்குச் சென்னைத் துறைமுகத்துக் கப்பல்கள் தொலைவில் தென்படும். 1875இல் அடிக்கல் நாட்டப்படும்வரை அங்கே துறைமுகம் என ஒன்று இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, வந்தோரைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏற்றி அலைதாண்டிக் கரைசேர்த்தவர்கள் நம் கடலோடிகளே. 1783 ஏப்ரலில் அவ்வாறு வந்திறங்கியோருள் பதினான்கு வயதும் நிரம்பாத ஒரு சிறுவன் இருந்தான். பெயர் ஜான் மால்கம்.

ஸ்காட்லாந்தில் எஸ்க் ஆற்றங்கரையில் குத்தகை நிலம் பயிரிட்ட குடும்பம். பிள்ளைகள் பதினேழு பேர். தந்தை வணிகத்தில் கையிழந்து கடனில் மூழ்கினார். மூத்தவருள் ஒருவனான பல்ட்னி பத்து வயதிலேயே கடற்படைக்குப் போனான் (பிற்காலத்தில் செயின்ட் எலனாவில் நெப்போலியனைக் காவல்காத்த தளபதி இவரே). ஜானுக்கு வாய்த்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை. 1781இல் லண்டனில் இயக்குநர்கள்முன் நிறுத்தப்பட்டபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. ஹைதர் அலியை எதிர்கொண்டால் என்ன செய்வாய் என ஒருவர் வினவ, வாளை உருவித் தலையைத் துணிப்பேன் என்றானாம். தேர்வு முடிந்தது. ஆங்கில நூலாசிரியர்கள் இதை முறுவலுடன் எடுத்துரைப்பர். எனக்கு முறுவல் தோன்றவில்லை. பெரியோர் எந்த விடையை விரும்புவர் என்பது கடன்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

அவன் வந்துசேருமுன்பே, 1782 டிசம்பரில், சித்தூரை அடுத்த பாசறையில் ஹைதர் மறைந்துவிட்டார். போர் மட்டும் மறையவில்லை. அது சென்னையைச் சூழ்ந்த ஊர்களைப் பாழாக்கியிருந்தது. பஞ்சம் மக்களை நகரை நோக்கி விரட்டியது. அதே 1782இல் இராயபுரத்தை ஒட்டி, மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்க்கத் தொடங்கினர். ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைப் பாட்டிமார் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பதன் காரணம் இதுதான். மால்கம் கால்பதித்த மணலுக்கு இரண்டு கல் தொலைவுக்குள் அவன் வயதுப் பிள்ளைகள் கலயமேந்தி நின்றிருப்பர். அவர்களுள் எவருக்கும் வாழ்க்கை வரலாறு எழுதப்படவில்லை.

1784இல் திப்புவுடன் உடன்படிக்கை ஆனது. விடுவிக்கப்பட்ட ஆங்கிலக் கைதிகளை எதிர்கொண்டு அழைத்துவர ஒரு சிறுபடை சென்றது. கைதிகளோடு வந்த மேஜர் டல்லாஸ், மட்டக்குதிரைமேல் அமர்ந்திருந்த சிவப்புச் சட்டைப் பையனிடம், உங்கள் தலைவர் எங்கே என்று கேட்டார். நானே தலைவன் என்றான் மால்கம். வயது பதினைந்து.

பின்னர் அவர் பாரசீகம் கற்றார். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த போரில் பங்குகொண்டார். பாரசீகத்துக்குத் தூது சென்றார். 1815இல் அந்நாட்டின் வரலாற்றை வெளியிட்டார். 1827 முதல் 1830 வரை பம்பாய் ஆளுநராக வீற்றிருந்தார். இவையெல்லாம் பாடநூல்களில் உள்ளவை.

என் நெஞ்சில் நிற்பது வேறொன்று. தந்தையின் கடனால் கடல்கடந்தவன், இங்கே சூதாட்டத்தில் தானும் கடனாளியானான். உணவுக்கே வழியற்ற நாள்களும் வந்தன. அப்போது படைக் கடைத்தெருவில் பொருள் விற்ற ஒரு கிழவி, முடிந்தபோது கொடு என்று கடனுக்கு உணவுப்பொருள் அளந்தாள். உயர்நிலை அடைந்தபின் மால்கம் அவளுக்கு ஆயுள்வரை சிறு உதவித்தொகை ஏற்படுத்தினார். 1856இல் அவர் வரலாற்றை எழுதிய கே என்பார் இச்செய்தியைச் சொல்கிறார்; கிழவி என்பதற்குமேல் அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.