உபயம்

குத்தாலம் பக்கத்துக் கபடிப் போட்டி நோட்டீசில் ‘முதல் பரிசு உபயம்’ என்று போட்டு, கொடுத்தவர் பெயரையும் கடைப் பெயரையும் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்கள். சொல் கோயிலிலிருந்து வந்தது. காவிரிக்கரைக் கோயில்களில் டியூப்லைட் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குக்கூட அதன்மேல் ‘உபயம்’ எழுதியிருப்பார்கள். ஈழத்தில் ஒரு நாள் திருவிழாச் செலவை ஏற்பவர் உபயகாரர்.

வடசொல் இது, முதற்பொருள் இரண்டு. வடமொழி மறையையும் தமிழ் மறையையும் சேர்த்து வைணவர்கள் உபய வேதாந்தம் என்பது அப்பொருளில்தான். கோயில் வழக்கில் கொடை, கட்டளை என்ற பொருள் நிலைத்தது. கொடுத்தவர், பெற்றவர் என இரு தரப்பும் ஊருக்குத் தெரிய நிற்கும் கொடை என்று இதைப் படிப்பதே எனக்குப் பிடிக்கும்.

கிரிக்கெட் வர்ணனையில் கொடுத்தவர் தரப்பு மறைந்துவிடுகிறது. சுனில் காவஸ்கரும் ரவி சாஸ்திரியும் இந்திய கிரிக்கெட் வாரியத்துடன் ஆண்டுக்கு 3.6 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் இருந்த செய்தி 2011இல் வெளியானது. அதுவரை பல ரசிகர்கள் அவர்கள் குரலைச் சுதந்திரமான விமர்சகர் குரலாகவே கேட்டார்கள். வாரியத்திடம் சம்பளம் வாங்குவது குற்றமில்லை. கேட்பவருக்கு அதைச் சொல்லாததுதான் தவறு.

2021இல் இந்திய விளம்பரத் தர மன்றம், காசு வாங்கிப் போடும் சமூக ஊடகப் பதிவுகளில் அதைக் குறிப்பிட வேண்டும் என்றது. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும், பரிந்துரைப்பவர் நிறுவனத்தோடு தமக்குள்ள தொடர்பை வெளியிட விதி செய்தது. அதேபோல, வர்ணனையாளர் பெயர் திரையில் வரும்போது அதன் கீழேயே ‘உபயம்’ என ஒரு வரி போடலாம்.