செஞ்சிக் கோட்டையைச் சுற்றி ஓர் ஓட்டம்



ஓட்டப் பயிற்சிக்கும் சரித்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். ஒரு காலத்தில் நானும் இவ்விரண்டும் வெவ்வேறு என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். அவன் கற்பித்த பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

ஆசிரியப் பயிற்சியை முடித்து, சரித்திர ஆசிரியனாகச் செஞ்சிக்கு அண்மையிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் 1980-களில் பணியேற்றேன். அங்கு உடற்பயிற்சி ஆசிரியர் இன்மையால், நெடுந்தூர ஓட்டத்திற்கு மாணவர்களைப் பழக்கும் வேலையும் என்னைச் சார்ந்தது. பள்ளியில் அளவெடுத்த ஓடுதளம் கிடையாது. ஆதலால் கோட்டையைச் சுற்றிய பாதைகளையே ஓடுதளமாகக் கொண்டோம்.

செஞ்சியைக் காணாதவர்களுக்காகச் சில சொற்கள் கூறுகிறேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை இக்கோட்டையின் ஊடே செல்கிறது. மேற்கே இராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி என மூன்று பாறைக் குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. இவற்றுள் உயர்ந்தது இராஜகிரி. ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. மூன்றையும் ஒரு பெருமதில் இணைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளை எழுதிய ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கிலேயர், இம்மதிலின் சுற்றளவை ஏறக்குறைய 3 மைல் என மதிப்பிட்டார். குன்றுகளின்மேல் அடுக்கடுக்காக அமைந்த உள்மதில்களையும் கூட்டினால், மதில்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பர். மதிலுக்கு வெளியே கற்பாறைகளும், முட்புதர்களும், சிறு குன்றுகளும், அவற்றைத் தொடர்ந்து காடும் உள்ளன.

எங்கள் ஓட்டப்பாதை கிழக்கிலுள்ள புதுச்சேரி வாயிலில் தொடங்கும். அங்கிருந்து தெற்கே திரும்பிச் சந்திரகிரியைச் சுற்றி, ஆடு மேய்ப்போர் நடக்கும் ஒற்றையடித் தடத்தில் புகுந்து, இராஜகிரியின் பின்புறத்தைக் கடந்து, நெடுஞ்சாலையைத் தாண்டி, கிருஷ்ணகிரியை வலம் வந்து மீண்டும் புதுச்சேரி வாயிலை அடையும். விடியற்காலையில் மாணவர்கள் ஓடுவர். நான் மிதிவண்டியில் பின்தொடர்வேன். மேற்குப் புறத்தில் மிதிவண்டி செல்லாது. ஆதலால் நான் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே வந்து காத்திருப்பேன். அந்தப் பாதையை என் கால்களால் ஒருமுறையேனும் முழுவதும் கடந்தவன் அல்லன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் நான் மிகுந்த விருப்பத்துடன் நடத்தும் பாடம் செஞ்சியின் முற்றுகை. 1677-இல் சிவாஜி இக்கோட்டையைப் பீஜப்பூர் ஆட்சியிடமிருந்து கைப்பற்றி, அரண்களை வலுப்படுத்தினார். 1689-இல் அவர் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொல்வித்தபின், இளைய மகன் இராஜாராம் மராட்டிய நாட்டைவிட்டு நீங்கி, அவ்வாண்டின் இறுதியில் செஞ்சியை வந்தடைந்தார். அவரைப் பிடிக்க வந்த மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் கோட்டைமுன் பாளையம் இறங்கினார். கோட்டை வீழ்ந்ததோ 1698-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்! இந்தியாவிலேயே மிகப் பெரிய படையை உடைய பேரரசு, ஒரு கோட்டையைப் பிடிக்க எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது ஏன்?

இதற்கு நான் தந்த விடை ஒன்றே: தளபதியின் வஞ்சகம். ஜுல்பிகர் கான் பகைவருடன் மறைமுகமாக உறவு கொண்டு போரை வேண்டுமென்றே நீட்டித்தார் என்று மாணவர்கள் எழுதிக்கொள்ளச் சொன்னேன். இது என் கற்பனை அன்று. அப்படையிலேயே பணிபுரிந்த பீம்சேன் என்பவர் தம் நினைவுக் குறிப்புகளில் இக்குற்றச்சாட்டை எழுதி வைத்துள்ளார். எழுத்துச் சான்று இருக்கும்போது வேறு காரணம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அரையாண்டுத் தேர்வில் இதனையே வினாவாகக் கேட்டேன். எல்லோரும் என் குறிப்பை ஒப்பித்திருந்தனர். ஒருவன் மட்டும், "கோட்டை மிகப் பெரியது, சுற்றி வளைக்க ஆள் போதவில்லை" என்று ஒரே வரியில் முடித்திருந்தான். அவன் எங்கள் பள்ளியின் முதல் ஓட்டக்காரன். படிப்பில் கடைசி வரிசை. பாடத்தைப் படியாமல் வாய்க்கு வந்ததை எழுதினான் எனக் கருதி, சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டேன். அவன் அவ்விடைத்தாளைப் பெற்றுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் சென்றான்.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் காலை என் மிதிவண்டி பழுதாகிவிட்டது. மாணவர் ஓடும் பாதையில் நானும் நடக்கத் தொடங்கினேன். சந்திரகிரியைக் கடப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. இராஜகிரியின் பின்புறம் நேராகச் செல்ல வழியில்லை. பாறை குறுக்கிட்டால் விலக வேண்டும். முட்புதர் குறுக்கிட்டால் மேலும் விலக வேண்டும். விலக விலக மதில் எனக்குத் தொலைவானது; பாதையோ நீண்டுகொண்டே சென்றது. நின்று திரும்பிப் பார்த்தேன். முன்னே சென்றவர்களும் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னே வந்தவர்களும் தெரியவில்லை. நான் கூவினாலும் எவருக்கும் கேட்டிராது. அந்த இடத்தில் அம்மாணவனின் ஒரு வரி என் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். நீங்களும் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 3 மைல் என்பது 15,840 அடி. 6 அடிக்கு ஒருவனாக மதிலில் காவலரை நிறுத்தினால் 2,640 பேர் வேண்டும். பகலும் இரவும் மூன்று முறையாக மாற்றினால், ஏறத்தாழ 8,000 பேர். இது உள்ளே இருப்பவனின் கணக்கு. வெளியே இருப்பவனின் நிலை என்ன? அவன் மதிலை ஒட்டி நிற்க இயலாது. பீரங்கிக் குண்டுக்கு அஞ்சி அரை மைல் தள்ளி நின்றால், அவன் வளைக்க வேண்டிய தூரம் 3 மைல் அன்று. 6 மைலுக்கும் அதிகம்.

ஓட்டக்காரர் இதனை நன்கு அறிவர். 400 மீட்டர் ஓடுதளத்தில் ஒவ்வொரு வெளித்தடமும் தனக்கு உள்ளே இருக்கும் தடத்தைவிட ஏறத்தாழ 7½ மீட்டர் நீளமானது. அதனாலன்றோ வெளித்தடத்தில் ஓடுபவனைச் சற்று முன்னே நிறுத்திப் பந்தயத்தைத் தொடங்குகிறார்கள்? முற்றுகையிடுபவன் எப்போதும் வெளித்தடத்தில் ஓடுபவன். அவனை முன்னே நிறுத்தி நியாயம் செய்யப் போர்க்களத்தில் நடுவர் எவரும் இல்லை.

இதனை மனத்திற்கொண்டு பழைய நூல்களை மீண்டும் புரட்டினேன். முன்பு நான் கவனியாது கடந்த செய்திகள் இப்போது கண்ணில் பட்டன. ஜுல்பிகர் கானிடம் கோட்டை முழுவதையும் வளைக்கப் போதிய படை இருக்கவில்லை. அதனால் உள்ளிருந்தோர் வெளியுலகத் தொடர்பை முற்றும் இழக்கவில்லை. 1692-ஆம் ஆண்டின் இறுதியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்னும் மராட்டியத் தளபதிகள் உதவிப் படையுடன் வந்தனர். அப்போது கோட்டையின் மேற்குப் புறத்தில் காவலிருந்த மொகலாயத் தளபதி இஸ்மாயில் கான் மக்கா, தலைமைப் பாளையத்திலிருந்து தொலைவில் தனித்து நின்றமையால் சிறைப்பட்டார். நான் தனியாக நின்று திகைத்ததும் கோட்டையின் அந்த மேற்குப் புறத்திலேதான்! அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மொகலாயர் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது.

அப்படியானால் பீம்சேன் எழுதியது பொய்யா? அதுவும் அன்று. உட்பகையும் உறவாடலும் இருந்தன. பேரரசரின் மகன் காம் பக்ஷ் இராஜாராமுடன் மறைமுகமாகத் தொடர்பு கொண்டதற்காகச் சொந்தப் பாளையத்திலேயே காவலில் வைக்கப்பட்டார். கோட்டை வீழுமுன் இராஜாராம் தப்பிச் சென்றதற்கும் ஜுல்பிகர் கானின் கண்மூடல் துணை செய்தது என்பர். எழுத்துச் சான்று மனிதரின் உள்ளத்தைக் காட்டியது. நிலமோ அவர்களுடைய கைக்கு எட்டாததைக் காட்டியது. ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்துவிட்டதே என் பிழை.

மாணவன் கூறிய விடையும் முழுமையானதன்று என்பதைச் சொல்லாவிட்டால் நான் நடுநிலை தவறியவனாவேன். கோட்டையின் பெருமையே அதனைக் காத்ததெனின், 1750-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்ததற்கு என்ன சொல்வது? ஆற்காட்டு நவாபாகப் பின்னர் விளங்கிய முகம்மது அலியின் படை தோற்றுச் செஞ்சியை நோக்கி ஓடியது. புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி அதனைத் தொடர்ந்து வந்து, வெடிமருந்தால் வாயிற்கதவைத் தகர்த்து ஊருக்குள் புகுந்தார். இரவு முழுதும் குன்றுகளிலிருந்து குண்டுகள் பொழிந்தன. எனினும் பொழுது விடிவதற்குள் மூன்று குன்றுகளும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. எட்டு ஆண்டுகள் தாங்கிய கோட்டை ஒரே இரவில் வீழ்ந்தது! மதில் அதே மதில். நீளமும் அதே நீளம். ஆனால் உள்ளே நின்றோர் உறுதி குலைந்திருந்தனர். பகைவனைக் களைப்பிக்கும் நீண்ட மதில், காப்போர் குன்றினால் அவர்களுக்கே சுமையாகிவிடுகிறது. மதில் தானாகக் காவல் காப்பதில்லை.

மறுநாள் வகுப்பில் அந்த விடைத்தாளைக் கேட்டு வாங்கினேன். சிவப்புக் கோட்டின் கீழே மதிப்பெண்ணை எழுதி, "இவன் விடை சரி, நான் திருத்தியது பிழை" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். "இது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று அவனை வினவினேன். "தினமும் ஓடுகிறேனே, ஐயா" என்றான். அவ்வளவுதான். அதன்பின் பணி ஓய்வு பெறும்வரை, செஞ்சி முற்றுகைப் பாடத்தை மாணவர்களைக் கோட்டைப்புறம் நடத்திச் சென்ற பிறகே வகுப்பில் தொடங்கினேன்.

2025-ஆம் ஆண்டு ஜூலையில், மராட்டியரின் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவற்றுள் தமிழ்நாட்டிலுள்ளது இஃது ஒன்றே. இனி அங்கே செல்வோர் தொகை பெருகும். நீங்களும் செல்லுங்கள். ஆனால் இராஜகிரியின் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஆசிரியர் துணையுடன், வெயில் ஏறுமுன், தண்ணீர் எடுத்துக்கொண்டு, மதிலின் வெளிப்புறத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். இயன்றவர் ஓடிப் பாருங்கள். மதிலின் கல்லைப் பெயர்க்காதீர்கள். காட்டில் நெருப்பு மூட்டாதீர்கள். அந்தக் காடும் பாறையும் கோட்டையின் ஒரு பகுதியே ஆகும்.

மூச்சு வாங்கும் இடத்தில் சற்று நின்று, அங்கிருந்து மதில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு வீட்டிற்குச் சென்று புத்தகத்தைத் திறவுங்கள்.