தி.நகர் கடைகள்: கட்டடத்தில் ஆபத்து இருந்தால் யார் யாரிடம் சொல்லணும்?

பண்டிகை சீசன் வந்துட்டா தி.நகரில் கால் வைக்க இடம் இருக்காது. கடைக்குள் நுழையும் யாரும் கட்டட வரைபடத்தைக் கேட்பதில்லை. படிக்கட்டு போதுமா, புகை வெளியேற வழி இருக்கா என்பதெல்லாம் பொறியாளருக்கும் அதிகாரிக்கும் உரிமையாளருக்கும் தெரிந்த விஷயம். அது உள்ளே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

2017-ல் என்ன நடந்தது?

2017 மே 31 அதிகாலை, தெற்கு உஸ்மான் சாலையில் இருந்த சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. கடை திறக்காத நேரம் என்பதால் வாடிக்கையாளர்கள் இல்லை. மேல் தளத்தில் இருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டனர். அடர்ந்த புகையால் தீயணைப்பு வீரர்கள் உள்ளே செல்ல முடியவில்லை. சுவரைத் துளைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. மறுநாள் அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. பிறகு முழுவதும் இடிக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் ஏற்பட்ட தீ விபத்தில் ஊழியர்கள் இருவர் உயிரிழந்தனர்.

முன்பே யாருக்கும் தெரியாதா?

தெரியும். தி.நகர் கட்டடங்களின் விதிமீறல் பல ஆண்டுகளாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. சிஎம்டிஏ நோட்டீஸ் அனுப்பியது, சீலும் வைத்தது.

இன்னொரு பக்கம், நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-ல் 113-ஏ பிரிவு வந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு விதிமீறலை வரன்முறைப்படுத்த அது வழி செய்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்காக 2012-ல் 113-சி பிரிவு சேர்ந்தது. கட்டணம் கட்டினால் ஃபைல் சரியாகிடும். குறுகலான படிக்கட்டு அகலமாகாது.

தகவல் எங்கே நின்று போகிறது?

உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 27 இரவு, கடும் குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது என்று தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் எச்சரித்தனர். அவர்களின் மேலாளர்களே அந்தக் கருத்தை மாற்றி ஒப்புதல் கொடுத்தனர். மறுநாள் புறப்பட்ட 73 விநாடிகளில் விண்கலம் சிதறியது. அதிலிருந்த 7 பேரும் பலியாகினர். ஏவுவதற்கு இறுதி முடிவெடுத்த நாசா உயரதிகாரிகளுக்கு அந்த எதிர்ப்பு சொல்லப்படவே இல்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது.

அங்கே எச்சரிக்கை மேலே போகவில்லை. தி.நகரில் அது அலுவலக ஃபைலில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் வேலை பார்ப்பவருக்கும் துணி எடுக்க வருபவருக்கும் வரவில்லை.

அப்போ யார் பொறுப்பு?

பொறியாளர்: தான் கையெழுத்திட்ட வரைபடத்தை மீறிக் கட்டினால், உரிமையாளரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. அனுமதி தந்த அமைப்புக்கு எழுத்தில் தெரிவிக்கணும்.

உரிமையாளர்: ஊழியருக்கு வெளியேறும் வழியைக் காட்டி, பயிற்சி தரணும். பார்சல் மூட்டைகளைப் படிக்கட்டில் அடுக்கக் கூடாது.

அதிகாரி: நோட்டீஸ் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. 2019 கட்டட விதிகளின்படி, பெரிய வணிகக் கட்டடத்துக்கு மின்சாரம், குடிநீர் இணைப்பு பெற நிறைவுச் சான்று வேண்டும். மீறலைத் தடுக்க இது வலுவான பிடி. ஆனா புதுக் கட்டடத்துக்குத்தான் இது உதவும். பழைய கட்டடத்தின் ஆபத்தை, கடை வாசலிலேயே பொதுமக்கள் படிக்கும்படி எழுதி வைப்பதுதான் நேரடி வழி.

நீங்க என்ன கவனிக்கணும்?

கடைக்குள் போனதும் படிக்கட்டு எங்கே இருக்குன்னு பாருங்க. அவசர வழி பூட்டியிருந்தால் ஊழியரிடம் கேளுங்க. தீ என்றால் லிஃப்ட் வேண்டாம். புகை சூழ்ந்தால் குனிந்தபடி வெளியேறுங்க. தீயணைப்புத் துறைக்கு 101, பொது அவசர உதவிக்கு 112.