முறை மாறும்போது

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் கணினி அறிவியல் துறையிலிருந்து ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்காக அவர்கள் ஒரு கையேடு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கலைச்சொற்களைச் சரிபார்த்துத் தரவேண்டும் என்றாள். பட்டியலில் பாதி எனக்குப் புரியவில்லை. ஒரு வரியில் மட்டும் கண் நின்றுவிட்டது: 'மாஸ்டர் – ஸ்லேவ்: ஆண்டான் – அடிமை.'

"இது என்னம்மா?"

"ஒரே தரவைப் பல சர்வர்ல நகல் வச்சிருப்பாங்க மேடம். புதுசா எழுதுறதெல்லாம் ஒரு சர்வர்லதான் நடக்கும். அது மாஸ்டர். மத்ததெல்லாம் அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கும். அது ஸ்லேவ்."

"மாஸ்டர் நின்னுபோச்சுன்னா?"

"ஒரு ஸ்லேவை மாஸ்டரா மாத்திடுவாங்க. பழசு சரியாகி வந்தா, அது ஸ்லேவா சேர்ந்துக்கும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அடிமை ஆண்டானாகி, ஆண்டான் அடிமையாகி, மறுநாள் காலை வேலை வழக்கம்போல் நடக்கிற ஊர் எந்த ஊர்? நான் படித்த வரலாற்றில் அப்படி ஓர் ஊர் இல்லை. சொல் ஒன்றைச் சொல்கிறது, பொருள் வேறொன்றைச் செய்கிறது. தமிழ் படித்த ஒருத்தி பின்தொடர்ந்து போவதற்கு அவ்வளவு போதும்.

எந்திரங்களுக்கு இந்தப் பெயர் வந்ததற்கான பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று 1904ஆம் ஆண்டுக்குரியது. கேப் டவுன் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய டேவிட் கில், அங்கிருந்த கடிகார அமைப்பை விவரிக்கும்போது, இன்னொரு கடிகாரத்தின் அசைவுக்குக் கட்டுப்பட்டு ஓடும் கடிகாரத்தை 'அடிமை' என்றார். கேப் பகுதியில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது 1834இல். எழுபது ஆண்டுதான் இடைவெளி. டச்சுக் கம்பெனியின் காலத்தில் அங்கே அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் போனவர்கள் உண்டு. அந்த மண்ணில் 'அடிமை' என்பது வெறும் உவமையாக இருந்திருக்க முடியாது.

கடிகாரத்திலிருந்து அந்தச் சொல் பிரேக், கிளட்ச் சிலிண்டர்களுக்குப் போனது. கணினிக்கு வந்தது. அங்கிருந்து தரவுத்தளத்துக்கு வந்தது. கடிகாரமும் சிலிண்டரும் தம் இடத்தை மாற்றிக்கொள்வதில்லை. தரவுத்தளத்தில்தான் சிக்கல் வந்தது. அங்கே இடம் மாறியே ஆகவேண்டும்.

ஏன் மாறவேண்டும்? வங்கிக் கணக்கை எண்ணிப் பாருங்கள். என் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் போனதை முதன்மைச் சர்வர் எழுதிக்கொண்டது. உடனே அது பழுதாகி நின்றுவிட்டது. நகல் சர்வர் அந்தப் பொறுப்பை ஏற்கிறது. ஆனால் அந்தக் கடைசி வரி அதற்கு வந்துசேரவில்லை. நடந்த ஒன்று நடக்காததாகிவிட்டது. இது முதல் ஆபத்து. இரண்டாவது ஆபத்து இதைவிட மோசம். முதன்மைச் சர்வர் நிற்கவேயில்லை, நடுவில் இருந்த கம்பிதான் அறுந்தது. நகல், 'அது போய்விட்டது' என்று நம்பிப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. பழையது, 'நான்தான் முதன்மை' என்று தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. இரண்டு முதன்மைகள், இரண்டு கணக்குகள். மூளை பிளந்துபோவது என்ற பொருளில்தான் பொறியாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதன்மைப் பிரதி ஒன்று, துணைப் பிரதிகள் சில என்று வைத்துக்கொள்ளும் யோசனையை பீட்டர் ஆல்ஸ்பெர்க்கும் ஜான் டேயும் 1976லேயே எழுதியிருந்தார்கள். ஆனால் முதன்மை விழும்போது எதையும் இழக்காமல், இரண்டு தலைமை உருவாகாமல் பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது? 1988இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த ஓர் ஆய்வுக்கட்டுரை இதற்கு முழுமையான விடை சொன்னது. எழுதியவர்கள் பிரையன் ஓகி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய நெறியாளர் பார்பரா லிஸ்கோவும்.

லிஸ்கோவ் 1939இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். 1961இல் பெர்க்லியில் கணிதப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு பிரின்ஸ்டனுக்கு விண்ணப்பித்தபோது, பெண்களைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்ததை நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். வேலை தேடிப் போனார். கணிதத்துக்கேற்ற வேலை அமையவில்லை, நிரல் எழுதும் வேலை கிடைத்தது. அதுவரை அவர் நிரல் எழுதியதில்லை. வேலையிலேயே கற்றுக்கொண்டார். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம், 1972இல் எம்.ஐ.டி.யில் ஆசிரியப் பணி. அமெரிக்காவில் கணினி அறிவியல் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்களில் அவர் ஒருவர்.

அந்தக் கட்டுரையில் பிரதிகளைக் குறிக்க ஓகியும் லிஸ்கோவும் 'அடிமை' என்ற சொல்லை எடுக்கவில்லை. தமிழில் 'கூட்டாளி' அல்லது 'ஒரே அணியினர்' என்று சொல்லத்தக்க சொல்லைப் பயன்படுத்தினார்கள். அணியில் ஒருவர் முதன்மை, மற்றவர்கள் துணை. இந்தப் பெயர்கள் ஒரு காலகட்டத்துக்கு மட்டும்தான். அந்தக் காலகட்டத்துக்கு ஓர் எண் உண்டு. முதன்மை விழுந்தால் புதிய காலகட்டம், புதிய எண், புதிய முதன்மை.

அதன் நடைமுறையை, 2012இல் லிஸ்கோவ் ஜேம்ஸ் கௌலிங்குடன் சேர்ந்து எளிமைப்படுத்தி எழுதிய வடிவத்திலிருந்து சொல்கிறேன். ஐந்து சர்வர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதன்மை எதை எழுதினாலும் மற்றவற்றுக்கு அனுப்பவேண்டும். தன்னையும் சேர்த்து மூன்று பேரிடம் அது பதிவான பிறகுதான் 'முடிந்தது' என்று வெளியே சொல்லலாம். முதன்மையிடமிருந்து குறிப்பிட்ட நேரம்வரை குரல் வராவிட்டால் மற்றவை காலகட்ட எண்ணை ஒன்று கூட்டுகின்றன. அடுத்து யார் என்பதில் போட்டி இல்லை. வரிசைப்படி அடுத்தவருடைய முறை. ஆனால் முறை வந்துவிட்டது என்பதற்காக உடனே எழுதத் தொடங்கிவிட முடியாது. தன்னையும் சேர்த்து மூன்று பேருடைய பதிவேடுகளையாவது கையில் வாங்கி, அவற்றில் மிக அண்மையதும் முழுமையானதும் எதுவோ அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட பிறகே எழுதவேண்டும். ஐந்தில் எந்த மூன்றை எடுத்தாலும், வேறெந்த மூன்றுடனும் குறைந்தது ஒருவராவது பொதுவாக இருப்பார். ஆகவே முன்பு 'முடிந்தது' என்று சொல்லப்பட்ட எதுவும் இந்தக் கைமாற்றத்தில் காணாமல்போகாது. அதை அறிந்த ஒருவராவது கூட்டத்தில் இருப்பார்.

பழைய முதன்மை திரும்பி வந்து ஆணையிட்டால்? அதன் ஆணையில் பழைய காலகட்டத்தின் எண் இருக்கும். யாரும் ஏற்கமாட்டார்கள். அது புதிய எண்ணைத் தெரிந்துகொண்டு, விடுபட்டதைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டு, துணையாக அமர்ந்துவிடும்.

இந்தப் பகுதியை நான் இரண்டு முறை படித்தேன். அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இதே சிக்கலுக்கு லெஸ்லி லாம்போர்ட்டும் தனியாக ஒரு விடை கண்டிருந்தார். 'பாக்ஸோஸ்' எனப்படும் அந்த முறை ஆய்விதழில் அச்சானது 1998இல். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று அறியாமல் வந்து சேர்ந்தவை. பின்னாளில் பாக்ஸோஸ் என்பது இந்தத் துறைக்கே பெயர்போல ஆனது. ஓகி–லிஸ்கோவ் கட்டுரை அந்த அளவு பேசப்படவில்லை. 2014இல் பரவலான 'ராஃப்ட்' முறையை எழுதியவர்கள், தங்கள் முறைக்கு மிக நெருக்கமான முன்னோடி என்று அந்த 1988 கட்டுரையைத்தான் குறிப்பிட்டார்கள்.

கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2008ஆம் ஆண்டுக்கு லிஸ்கோவுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். இவருக்கு எதற்கு விருது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அப்போது யாரோ இணையத்தில் எழுதியிருந்ததை அவருடைய கணவர் பார்த்துச் சொன்னாராம். லிஸ்கோவ் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி செய்தது எல்லோருடைய அன்றாடமாகிவிட்டால், அதைச் செய்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதே மறந்துபோகிறது. சமையலறையில் இது நமக்குப் பழக்கம். ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான்.

சொல் மெல்லத்தான் மாறியது. 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம், கருவிகளின் மேல் இந்த ஆண்டான்–அடிமைப் பெயர்களைப் போடவேண்டாம் என்று விற்பனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பலர் கேலி செய்தார்கள். 2014இல் ஜாங்கோ மாற்றியது. 2018இல் ரெடிஸ் தன் கட்டளையில் இருந்த 'அடிமை'யை 'பிரதி' என்று ஆக்கியது. 2020இல் மைஎஸ்கியூஎல் மாற்றத் தொடங்கியது. வெறும் சொல்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அந்தச் சொல் அறத்துக்கு மட்டும் எதிரானதல்ல, பொறியியலாகவும் பொய். அடிமை என்பது பிறப்பால், பலத்தால் சுமத்தப்படும் நிலை. சர்வரின் முதன்மை ஒரு முறை. அது சுற்றிவரும்.

இனி என் காரணம். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் எங்கள் துறைத்தலைவர் உடல்நலமில்லாமல் நீண்ட விடுப்பில் போனார். மூப்பின்படி அடுத்தவள் நான். பெயர்ப்பலகையில் 'துறைத்தலைவர் (பொறுப்பு)' என்று எழுதினார்கள். அந்த அடைப்புக்குறியை அரசு அலுவலகத்திலும் கல்லூரியிலும் வேலை பார்க்கும் பெண்கள் அறிவார்கள். பீரோவின் சாவி வந்தது. உள்ளே கோப்புகள் இல்லை, அவை அவர் வீட்டில் இருந்தன. எந்தக் கூட்டத்தில் என்ன முடிவானது என்று அறிய, பழைய உதவியாளர் அம்மாவின் நினைவைத்தான் நம்பினேன். நான்கு மாதம் கழித்து அவர் திரும்பினார். எந்த ஆணையும் வராமலே கையெழுத்துப் போடத் தொடங்கினார். ஒரே வாரத்தில், ஒரே தேர்வுக்கு, இரண்டு சுற்றறிக்கைகள் இரண்டு தேதிகளுடன் போயின. திட்டு வாங்கியது நான். பிள்ளைகள் சிலர் தேர்வைத் தவறவிட்டார்கள். அது இன்றும் உறுத்துகிறது.

தரவுத்தளக்காரர்கள் பொறுப்பு மாறுவதை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். விழுந்தபின் மாறுவது ஒன்று. முன்கூட்டித் திட்டமிட்டு, எல்லாம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது மற்றொன்று. பெண்களுக்குப் பெரும்பாலும் முதல் வகைதான் வாய்க்கிறது. கணவன் படுத்தால் கடை, அப்பா போனால் குடும்பம், ஆண்கள் போர்முனைக்குப் போனால் தொழிற்சாலை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொழிற்சாலைப் பெண்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லா நகலையும் சுமப்பவள் அவள். திட்டமிட்ட மாற்றத்தில் அவள் பெயர் வருவதில்லை. விழுந்தபின் பொறுப்பு வரும்போதோ பதிவேடு வருவதில்லை.

எந்திரம் நமக்கு அறம் போதிக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஐந்து சர்வர்களும் சமமானவை என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டுத்தான் லிஸ்கோவ் தொடங்கினார். நாம் அந்த இடத்துக்கே இன்னும் வரவில்லை. ஆனால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பு மாறுவதைப் பற்றிப் பேசும்போது நாற்காலியைவிடப் பதிவேட்டை முதலில் கேட்கவேண்டும்.

இப்போது நான் வேறொரு கல்லூரியில் துறைத்தலைவர். அடைப்புக்குறி இல்லை. என் முறை வரும் ஜூனில் முடிகிறது. ஒவ்வொரு வெள்ளியும் அந்த வார முடிவுகளை இரண்டு இளைய ஆசிரியைகள் தங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்கிறார்கள். "எதுக்குக்கா இவ்வளவு?" என்று ஒருத்தி ஆரம்பத்தில் அலுத்துக்கொண்டாள். போன மாதம் நான் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். யாரும் என்னைத் தொலைபேசியில் அழைக்கவில்லை.

கையேட்டில் அந்த மாணவியும் நானும் கடைசியில் 'முதன்மை – பிரதி' என்று போட்டோம். கீழே ஒரு வரி சேர்க்கலாமா என்று அவள்தான் கேட்டாள். சேர்த்தோம்: 'முதன்மை மாறும்.'