சொன்னவர்களும் எழுதியவர்களும்

நம்மில் அநேகர் தம் வாழ்க்கைக் கதையை முதன்முதலாக முழுமையாகச் சொன்னது அகதி விண்ணப்ப விசாரணையில்தான். எதிரே அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எந்த ஆண்டு, எந்தத் திகதி, எந்தக் காவலரண் என்று கேட்டார்கள். சொன்னோம். அம்மாவைப் பற்றியோ விட்டுவந்த கிணற்றடியைப் பற்றியோ அவர்கள் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. நம் சுயசரிதையின் முதற்பிரதி அந்தக் கோப்பினுள்தான் கிடக்கிறது.

புலப்பெயர்வு பற்றிய ஆய்வில் தனிமனிதர் கதைகளுக்கு என்ன இடம், அக்கதைகளுக்கும் தலைமைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விகளை நாம் இங்கிருந்தே தொடங்கவேண்டியுள்ளது. நமக்கு முன்னர் கடல் கடந்தவர்களின் கதை யாரால், எவ்வாறு எழுதப்பட்டது என்று பார்க்கத் தென்னாபிரிக்கா நல்ல உதாரணம்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனை வந்தடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களிற் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தினூடாக வந்த தமிழரும் தெலுங்கரும். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு: இலக்கம், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம். தழும்பை எழுதினார்கள், அது எப்படி வந்தது என்பதை எழுதவில்லை.

ஆயினும் அவர்கள் வாய் மூடியிருக்கவில்லை. 1871இல் சென்னைக்குத் திரும்பியவர்கள் தோட்டங்களில் தாம் பட்ட துன்பங்களை அங்கிருந்த அதிகாரிகளிடம் முறையிட்டனர். அதன் விளைவாக 1872இல் நேட்டாலில் விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. 1866இல் நின்றிருந்த ஆட்சேர்ப்பு, சில சீர்திருத்தங்களின் பின்னர் 1874இல்தான் மீண்டும் தொடங்கிற்று. எந்தத் தலைவரின் பெயரோடும் சேர்த்து நாம் நினைவுகூராத காரியம் இது. சாதாரண மனிதர்கள் தம் கதையைச் சொன்னார்கள். ஓர் அரசாங்கம் அதற்குப் பதில்சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது பாலசுந்தரத்தின் கதை. வழக்கொன்றுக்காக 1893இல் டர்பன் வந்த காந்தி, மறுவருடம் அங்கே வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். சில மாதங்களில் கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையிற் பிடித்தபடி, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம் வழிய ஒரு தமிழ்க் கூலித் தொழிலாளி அவர்முன் வந்து நின்றார். எசமான் அடித்திருந்தான். அவர் சொன்னதைக் காந்தி தமிழரான தமது எழுத்தர் மூலமே அறிந்துகொண்டார். மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்று, நீதவானிடம் கூட்டிச்சென்று, கடைசியில் வேறொரு எசமானிடம் அவரை மாற்றிவிட்டார். இந்தச் செய்தி ஒப்பந்தத் தொழிலாளர் எல்லோருடைய காதுக்கும் எட்டியதென்றும், அதன் பின்னரே அவர்கள் தம்மை நண்பராகக் கருதினர் என்றும் காந்தியே தமது சுயசரிதையில் எழுதுகிறார்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். தலைமை மேடையில் பிறக்கவில்லை. ஒருவர் சொல்ல, ஒருவர் மொழிபெயர்க்க, ஒருவர் காதுகொடுத்துக் கேட்ட ஓர் அறையில் அது பிறந்தது. கேட்டவரை உலகம் அறியும். சொன்னவர் கேட்டவரின் நூலில் ஓர் அத்தியாயமாக நிற்கிறார். மொழிபெயர்த்தவருக்கு அங்கே பெயர்கூட இல்லை.

1913இலும் இதுவே நடந்தது. ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள் ஆண்டுக்கு 3 பவுண் வரி கட்டவேண்டும். மாதம் 10 சிலிங்கில் வேலை தொடங்கியவருக்கு அது ஆறு மாதச் சம்பளம். ட்ரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் இந்த அநீதியை எடுத்துச் சொன்னார்கள். வேலைநிறுத்தம் மூண்டது. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி நடந்தனர். மறுவருடம் வரி நீக்கப்பட்டது.

அப்போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று வெளிவந்து, 1914 பெப்ரவரி 22இல் இறந்த வள்ளியம்மைக்கு வயது பதினாறு. மீண்டும் சிறை செல்லத் தயார் என்று அவர் சொன்னதை நாம் அறிவது, ஏறக்குறைய பத்தாண்டுகளின் பின் ஏரவாடா சிறையில் காந்தி தம் ஞாபகத்திலிருந்து குசராத்தியில் சொல்லி எழுதுவித்த நூலின் வழியாகத்தான். மொரீசியசில் பிறந்த தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றவர். கோபமும் அவசரமும் இல்லாதிருந்தால் அவரே தலைமை ஏற்றிருக்கலாம் என்பது அதே நூலின் கணிப்பு. தம்பி நாயுடு தம்மைப் பற்றி என்ன கணித்திருப்பார்?

காந்தியைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவர் எழுதாவிட்டால் பாலசுந்தரம் நமக்கு ஒரு பதிவேட்டு இலக்கமாகவே இருந்திருப்பார். ஆனால் நடந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரும் எழுதியிருந்தால் தலைமை என்ற சொல்லுக்கே வேறு பொருள் கிடைத்திருக்கும்.

நமக்கும் தலைவர்களின் வரலாறுகள் உண்டு. புதிதாக வந்தவனைக் கைபிடித்து அலுவலகங்களுக்குக் கூட்டிச்சென்றவர், நள்ளிரவுவரை உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்தியவர், சீட்டுப் பிடித்துப் பிறர் பிள்ளைகளை வரவழைத்த அக்கா, இவர்களின் வரலாறு எங்கே? மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மரண அறிவித்தலில் பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் ஒன்று என இரண்டு ஊர்ப்பெயர்கள் மிஞ்சுகின்றன. அதுவும் பதிவேட்டின் ஒரு வரிதான்.

இரண்டு ஊர்களுக்கும் இடையில் நடந்ததை அவர்கள் இருக்கும்போதே கேட்போம். அதிகாரி கேட்காததையும் சேர்த்துக் கேட்டு, அவர்கள் பெயரிலேயே எழுதிவைப்போம்.