வால் சக்கரமும் ஓடுபாதையும்: கொங்கு வான்தளங்களை முன்வைத்துத் தரைச்சுழற்சியின் வரலாறு

தரையிறங்கி ஓடும் சிறு விமானம் திசைக் கட்டுப்பாட்டை இழந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி சட்டென வட்டமடித்துத் திரும்பிவிடுவதை வானோடிகள் ‘கிரவுண்ட் லூப்’ என்பர். தமிழில் இதனைத் தரைச்சுழற்சி எனலாம். இது வானோடியின் கைப்பிழையாகவே பெரிதும் கருதப்பட்டபோதிலும், இறங்குதளத்தின் வடிவம் மாறியதும் இச்சிக்கலைக் கடுமையாக்கியது என்பதை வரலாறு காட்டுகிறது.

வால் சக்கர விமானத்தில் இரு முதன்மைச் சக்கரங்கள் முன்னேயும் சிறு சக்கரமொன்று வாலின் அடியிலும் அமைவதால், எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. மூக்கு சற்றே விலகினாலும், பின்னுள்ள எடை தன் பழைய திசையிலேயே செல்ல முயல, சக்கரங்களின் உராய்வு முன்பகுதியைத் தடுப்பதால், பின்னிருந்து தள்ளப்படும் கைவண்டியைப் போல விமானம் மேலும் மேலும் திரும்புகிறது. வேகம் குறையும்போது, காற்றோட்டத்தை நம்பியுள்ள வால் சுக்கானும் வலுவிழப்பதால், ஆபத்து தரை தொட்ட கணத்தோடு முடியாமல் ஓட்டத்தின் இறுதிவரை தொடர்கிறது.

1930இல் மெட்ராஸ் பிளையிங் கிளப் பயிற்சி தரத் தொடங்கியதும், 1931இல் டைகர் மாத் பயிற்சி விமானம் முதன்முதலாகப் பறந்ததுமான அக்காலத்தில், இறங்குதளம் என்பது பொதுவாகப் பரந்த புல்வெளியாகவே இருந்தமையால், வானோடி எத்திசைக் காற்றையும் எதிர்கொண்டு இறங்க முடிந்தது. தொடக்கக்கால டைகர் மாத்தில் சக்கரத் தடை இல்லை. வாலடியில் பொருத்தப்பட்ட சறுக்குக் கட்டை மண்ணைக் கீறியே வேகத்தைக் குறைத்து வாலையும் நேர்ப்படுத்தியது. கடினமான தளத்தில் அக்கட்டைக்குப் பிடிப்பில்லை.

கனரக விமானங்களுக்காக உறுதியான நீள் ஓடுபாதைகள் பரவியதும், இறங்கும் திசையைக் காற்றுக்குப் பதிலாகப் பாதையே முடிவு செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் வான்பிரிவு, கோயம்புத்தூரிலும், அந்நகருக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள சூலூரிலும் தளம் கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து, இன்று பல்லடம், உடுமலை வட்டாரக் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நிலம் இது. கோவை விமான நிலையத்தின் இன்றைய ஓடுபாதை 05/23 என எண்ணிடப்பட்டது. அதாவது அதன் தென்மேற்கு நோக்கிய திசை ஏறத்தாழ 230 பாகை. நேர்மேற்கிலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று வீசினால், அதில் ஏறத்தாழ 13 நாட் குறுக்காகத் தாக்கும் என்று கணக்கிடலாம். குறுக்குக் காற்று செங்குத்து வாலைத் தள்ளி மூக்கைக் காற்றுவரும் பக்கம் திருப்புவதால், தரைச்சுழற்சிக்குத் தூண்டுகோலாகிறது. அக்கடற்படை பயன்படுத்திய கோர்சேர் போர்விமானத்தின் நீண்ட மூக்கு, வால் தாழ்ந்த நிலையில் வானோடியின் முன்பார்வையையும் மறைத்தது.

விடுதலைக்குப் பின்னும் வால் சக்கர வடிவம் உடனே மறையவில்லை. வி. எம். கட்கே வடிவமைத்து 1951இல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும், 1958இல் பறந்து பின்னர் பறப்புக் கழகங்களுக்குச் சென்ற புஷ்பக்கும் வால் சக்கர விமானங்களே. காரணம், வால் சக்கர அமைப்பு எடை குறைந்தது. கரடுமுரடான தரையில் சுழல்விசிறியை உயர்த்திக் காத்தது. அமெரிக்காவில் 1950களில் டிரை-பேசர், செஸ்னா 172 ஆகிய சிறு விமானங்கள் மூக்குச் சக்கரத்தைப் பரவலாக்கின. இந்தியாவில் 1977இல் பறந்த தீபக் பயிற்சி விமானம், எச்.டி.-2இன் இடத்திற்கு மூக்குச் சக்கரத்தோடு வந்தது. எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னே வந்ததால், விலகிய விமானம் தானாகவே நேராக முயன்றது.

ஆகவே, புல்வெளி தந்த திசைச் சுதந்திரத்தை ஓடுபாதை பறித்தபோது, அந்த இழப்பை முதலில் ஈடுசெய்தவை சுக்கான் மிதிகளில் இடைவிடாது இயங்கிய வானோடியின் கால்களே. மூக்குச் சக்கரம் அச்சுமையின் பெரும்பகுதியைப் பின்னரே இயந்திரத்துக்கு மாற்றியது.